நாலு நாள் லீவு, இருபது நாள் கணக்கு

திருப்பூரில் தீபாவளிக்கு முந்தின வாரம் எந்த பனியன் கம்பெனிக்குப் போனாலும் கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். "தீபாவளியை முன்னிட்டு 18 முதல் 22 வரை கம்பெனி விடுமுறை. 23-ஆம் தேதி காலை 8.30-க்கு வழக்கம்போல் ஷிஃப்ட் நடைபெறும்." அதற்குக் கீழே அதையே இந்தியில் கையால் எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் செக்கிங்கில் இருக்கும் ஏதாவது ஒரு பீகார் பையனின் கையெழுத்தாக இருக்கும். அந்தத் தாளில் முதல் வரி உண்மை. இரண்டாவது வரி முதலாளியின் ஆசை.

23-ஆம் தேதி காலை என்ன நடக்கும் என்றால், முப்பது மெஷின் போட்ட யூனிட்டில் பதினொரு பேர் வந்து உட்காருவார்கள். ஓவர்லாக் (துணியை ஓரத்தில் சேர்த்துத் தைக்கும் மெஷின்) அடிக்க ஆள் இருக்கும், பிளாட்லாக்குக்கு (மடிப்பைத் தட்டையாகத் தைக்கும் மெஷின்) இருக்காது. கட்டிங் மாஸ்டர் வந்துவிடுவார், வெட்டத் துணி வந்திருக்காது. அயர்ன் மாஸ்டரின் போன் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' இருக்கும். மெஷின் முப்பதும் ஓடுவதற்கு நவம்பர் முதல் வாரம் ஆகிவிடும். நாலைந்து நாள் லீவு என்று தொடங்கியது இப்படித்தான் இருபது நாளாகிறது. ஒவ்வொரு வருடமும் ஆகிறது, ஒவ்வொரு வருடமும் முதலாளிகள் புதிதாக நடந்த மாதிரி ஆச்சரியப்படுகிறார்கள். நானும் முப்பது மெஷின் யூனிட் ஒன்றைப் பத்து வருடம் வைத்திருந்தபோது அப்படித்தான் ஆச்சரியப்பட்டேன்.

லீவு எத்தனை நாள் என்பதை முதலாளி தீர்மானிப்பதில்லை. தொழிலாளியின் ரயிலும், சாயப்பட்டறையும், வரவேண்டிய பணமும் தீர்மானிக்கின்றன. கேட்டில் ஒட்டும் தாள் வெறும் தகவல். சிறு யூனிட் ஒன்று பண்டிகை லீவுக்குத் தயாராவது என்றால், பூட்டு வாங்குவதோ இனிப்பு டப்பா ஆர்டர் கொடுப்பதோ அல்ல, இந்த மூன்றையும் இரண்டு மாதம் முன்பே உட்கார்ந்து விசாரிப்பது.

முதலில் ரயில். திருப்பூர் யூனிட்டுகளில் இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் என்று பல ஊர்ப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஆலப்புழையிலிருந்து வரும் தன்பாத் எக்ஸ்பிரஸில் இங்கே ஏறினால் ஜார்க்கண்ட் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு நாள். அங்கிருந்து பஸ், ஷேர் ஆட்டோ என்று கிராமத்துக்குப் போக இன்னும் அரை நாள். திரும்ப அதே கணக்கு. ஐந்து நாள் லீவு கொடுத்தால் அந்தப் பையனுக்கு அது வீட்டில் தங்க நாளே இல்லாத லீவு. ஐந்து நாளில் வந்துவிடு என்று அவனிடம் சொல்வதற்கும் போகாதே என்று சொல்வதற்கும் வித்தியாசமில்லை. அவன் "டீக் ஹை பையா" (சரி அண்ணா) என்று தலையாட்டிவிட்டுப் பதினெட்டு நாள் கழித்து வருவான். அவன் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் தப்பு.

பீகார்க்காரர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிய பண்டிகை சட் பூஜை. தீபாவளி அமாவாசை கழிந்து ஆறாம் நாள், ஆற்றங்கரையில் நின்று மறையும் சூரியனுக்கு அர்க்கியம் கொடுப்பார்கள், மறுநாள் காலை உதிக்கும் சூரியனுக்கு. ஆறாம் நாள் என்றதும் நமக்கு ஏதோ ஞாபகம் வரவேண்டும்: அதே சஷ்டியன்றுதான் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம். 2025-ல் இரண்டும் அக்டோபர் 27 அன்று வந்தன. கந்த சஷ்டிக்கு விரதம் இருக்கும் முதலாளிக்கு, பீகார் டெய்லர் ஏன் தீபாவளி முடிந்த கையோடு ரயில் ஏறமாட்டான் என்பது எளிதாகப் புரிய வேண்டும். சட் பூஜை முடித்து, மறுநாள் பாரணை முடித்து, கிடைத்த ரயிலில் ஏறினால் மாதக் கடைசி. வங்காளத்துப் பையன்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுடைய துர்கா பூஜை நம் ஆயுத பூஜையோடு, அதாவது தீபாவளிக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே வந்துவிடும். அவர்களில் பலர் அப்போதே போய்விட்டுத் தீபாவளி நேரத்தில் திரும்பிக்கொண்டிருப்பார்கள். எல்லோரையும் 'வடக்கன்' என்று ஒரே பையில் போட்டுவிட்டால் இந்த வித்தியாசம் தெரியாது. தெரிந்தால் அதிலேயே பாதித் திட்டம் இருக்கிறது.

ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன் திறக்கும். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகிவிட்டது. 2025 தீபாவளி அக்டோபர் 20-ல் வந்தது என்றால், ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் டிக்கெட் கதை முடிந்துவிட்டது. ஆகவே ஒரு யூனிட்டின் தீபாவளித் தயாரிப்பு ஆடி கடைசியிலோ ஆவணி தொடக்கத்திலோ ஆரம்பமாக வேண்டும். நான் பின்னால் கற்றுக்கொண்டது ஒரு நாற்பது பக்க நோட்டு. பெயர், போகிற தேதி, திரும்பும் டிக்கெட் கையில் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று வந்தால் அந்த ஆள் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது என்று அர்த்தம். போகும் டிக்கெட்டை எப்படியாவது எடுத்துவிடுவார்கள், திரும்பும் டிக்கெட்டைத்தான் விட்டுவிடுவார்கள். அந்தத் திரும்பும் டிக்கெட்டைக் கம்பெனியே எடுத்துக் கொடுத்தால் செலவு தலைக்குச் சில நூறு ரூபாய். ஒரு மெஷின் பத்து நாள் சும்மா கிடந்தால் போகும் காசோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேனி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு ரயில் பிரச்சினை இல்லை. பஸ் ஸ்டாண்டில் ராத்திரி முழுக்க நின்றாவது ஏறிவிடுவார்கள். அவர்கள் சொன்ன நாளுக்கு ஓரிரு நாள் தள்ளி வந்துவிடுவார்கள், வராவிட்டால் அதற்குக் காரணம் பஸ்ஸாக இருக்காது. பக்கத்து யூனிட்டில் ஷிஃப்ட்டுக்கு இருபது ரூபாய் கூட என்று யாரோ சொல்லியிருப்பார்கள். போனஸ் கையில் வாங்கிய பிறகு கம்பெனி மாறுவது திருப்பூரில் எழுதப்படாத வழக்கம். தீபாவளிக்கு மறுவாரம் ஊரில் உள்ள எல்லா மின்கம்பத்திலும் 'டெய்லர் தேவை' தட்டி தொங்குவது சும்மா இல்லை.

இதற்குப் பயந்து சில முதலாளிகள் கடைசி வாரச் சம்பளத்தைப் பிடித்து வைப்பார்கள், அல்லது போனஸில் பாதியை 'வந்தப்புறம் வாங்கிக்கோ' என்பார்கள். உழைத்த கூலியைப் பிடித்து வைப்பது சட்டப்படியும் தப்பு, தொழில்படியும் முட்டாள்தனம். பாதிப் பணத்தோடு ஊருக்குப் போகிறவன் அங்கே வட்டிக்கு வாங்குவான், அதை அடைக்க அதிகக் கூலி தரும் இடத்தைத் தேடுவான். இதைவிட நேர்மையான வழி ஒன்று உண்டு: எல்லாவற்றையும் முழுதாகக் கொடுத்துவிட்டு, குறித்த தேதிக்குள் வந்து பத்து நாள் விடாமல் வேலை செய்தவர்களுக்குத் தனியாக ஒரு தொகை. ஆயிரமோ ஆயிரத்து ஐநூறோ, அது போனஸ் அல்ல, புதிதாகக் கொடுப்பது. எங்கள் யூனிட்டில் இதைச் செய்த முதல் வருடமே திரும்பி வரும் தேதி ஒரு வாரம் முன்னே வந்தது.

போனஸ் என்றதும் சட்டத்தை ஒருமுறை பார்த்துவிடலாம். 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து வந்த கணக்குதான் இன்றும் நடக்கிறது, 2025 நவம்பரில் புதிய ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அது போன பிறகும் அடிப்படை மாறவில்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், வருடத்தில் குறைந்தது 30 நாள் வேலை செய்த ஆள், வருடச் சம்பளத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அந்த 8.33 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். அது பதின்மூன்றாவது மாதச் சம்பளம், வேறொன்றுமில்லை. கணக்கு வருடம் மார்ச்சில் முடிந்தால் நவம்பர் 30 வரை கொடுக்கச் சட்டம் அவகாசம் தருகிறது. ஆனால் தீபாவளிக்குப் பிறகு போனஸ் கொடுத்த முதலாளியை நான் பார்த்ததில்லை. 20 பேருக்குக் கீழே உள்ள யூனிட்டுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை, ஊர் வழக்கம்தான் கட்டாயம்.

லீவு நாட்களுக்கும் இதே கதைதான். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்களைச் சம்பளத்தோடு தரச் சொல்கிறது. தீபாவளிக்கு அதில் ஒரு நாள். மற்ற நாட்கள் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைப்பவருக்குச் சம்பளமில்லாத நாட்கள்தான். நாம் 'லீவு கொடுத்தோம்' என்று சொல்லும்போது, அவர் காதில் 'நாலு நாள் கூலி போச்சு' என்று விழும். பல யூனிட்டுகள் இதைச் சரிக்கட்ட முந்தின ஞாயிறுகளில் வேலை வைத்து மாற்றிக்கொள்வதுண்டு. அதுவும் ஒன்றரை ஷிஃப்ட், இரண்டு ஷிஃப்ட் என்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வாரங்களில். கடைசிப் பத்து நாளில் தைத்த பீஸ்களில் ஆல்டர் (பிரித்துத் திருத்தவேண்டிய பீஸ்) ஏன் அதிகம் வருகிறது என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

இனி பணம். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். முப்பது மெஷின், ஹெல்பர் செக்கிங் எல்லாம் சேர்த்து 45 பேர். சராசரி நாள் கூலி 600 ரூபாய், வாரம் ஆறு நாள். வாரச் சம்பளம் 1 லட்சத்து 62 ஆயிரம். வருடத்துக்கு 48 வாரம், சுமார் 78 லட்சம் என்று எடுத்துக்கொண்டால், அதில் 8.33 சதவீதம் ஆறரை லட்சம். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஒரே நாளில் எட்டு லட்சத்துக்கு மேல் வெளியே போகிறது. மாதம் ஒன்பது லட்சம் பில் போடும் யூனிட்டுக்கு அது ஏறக்குறைய ஒரு மாத வரவு. இதை அக்டோபரில் யோசித்தால் கந்துவட்டிதான். வருடம் முழுக்க வாரம் 12,500 ரூபாய் தனிக் கணக்கில் போட்டு வந்தால் ஆறரை லட்சம் அங்கே நிற்கும். சொல்வது எளிது என்பீர்கள். சரி, பன்னிரண்டாயிரம் முடியாவிட்டால் ஆறாயிரம் போடுங்கள், பாதிக் கடனாவது குறையும்.

இந்த அடி எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாத அடி டிசம்பரில் வரும். லீவும் ஆள் குறைவும் சேர்ந்து இரண்டு வார உற்பத்தி போனால் நாலரை லட்சம் பில் போடாமல் போகிறது. இன்று போட்ட பில்லுக்கு முப்பது, நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் காசு வரும் என்பதால், அந்த ஓட்டை தீபாவளியில் தெரியாது. அப்போது செப்டம்பர் பில்லுக்கான காசு வந்துகொண்டிருக்கும், கையில் புழக்கம் இருக்கும். அக்டோபர் கடைசியில் போடாத பில்லின் வெறுமை டிசம்பர் நடுவில் வாரச் சம்பளம் கொடுக்கும்போது தெரியும். அப்போது முதலாளி 'என்னமோ இந்த மாசம் சரியில்ல' என்று ஜோசியம் பார்க்கப் போவார். அடுத்து ஒரு மாதத்தில் பொங்கல் நிற்கும். வருடா வருடம் இந்த டிசம்பர் இறுக்கத்தைப் பார்த்துக் கணக்கு எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தீபாவளிக்கு முன் கையில் இருக்கும் காசு முழுவதும் உங்களுடையது அல்ல, அதில் ஒரு பகுதி டிசம்பருக்குச் சொந்தம்.

வரவேண்டியதை வசூலிக்கச் சட்டம் ஒன்று துணைக்கு இருக்கிறது. உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள சிறு உற்பத்தி யூனிட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 கணக்கு வருடம் முதல் வருமான வரியிலும் பிடி வைத்துவிட்டார்கள், காலம் தாண்டி வருடக் கடைசிக்குள்ளும் கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் அது வாங்குபவரைக் கடிப்பது மார்ச் 31 நெருங்கும்போது. அக்டோபரில் போய் இதைச் சொன்னால் "பார்த்துக்கலாம் தம்பி, தீபாவளி முடியட்டும்" என்பார். அதனால் வசூல் வேலையை ஆயுத பூஜைக்கு முன்பே தொடங்குவது நல்லது. தீபாவளிக்கு முந்தின வாரம் ஊர் முழுக்க எல்லோரும் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், யாரும் போனை எடுக்கமாட்டார்கள்.

ரொக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. போனஸைக் கவரில் போட்டு, மேலே மஞ்சள் தடவி, இனிப்பு டப்பாவோடு கையில் கொடுப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவை ஏற்கமாட்டார்கள். கவரில் ஆயிரம் ரூபாய் வைத்துக் கையில் கொடுத்து, மீதியை அக்கவுண்டில் போட்டுவிடலாம். சந்தோஷமும் கெடாது, கணக்கும் கெடாது.

வங்கி பற்றிப் பழைய நினைப்பிலேயே பலர் இருக்கிறார்கள். முன்பெல்லாம் மெஷின் லோன் தவணை தேதி பண்டிகை நாளில் விழுந்தால் மறுநாளோ அடுத்த வேலை நாளோதான் எடுப்பார்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல் லீவு நாளிலும் தவணை தானாகவே கழியும். செக் விஷயமும் அப்படித்தான். 2025 அக்டோபர் 4 முதல் போட்ட அன்றே பாஸாகும் முறை வந்துவிட்டது. 'செக் போட்டு ரெண்டு நாள் ஆகும், அதுக்குள்ள பணம் போட்டுடலாம்' என்ற வித்தை இனி வேலைக்கு ஆகாது. தீபாவளிக்கு மறுநாள் தேதி போட்டுக் கொடுத்த செக், நாம் ஊரில் இல்லாதபோது திரும்பினால் வரும் கஷ்டம் தனி.

வரித் தேதிகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15-ஆம் தேதி, ஜி.எஸ்.டி. மாதத் தாக்கல் 20-ஆம் தேதி. 2025-ல் தீபாவளியே 20-ல் விழுந்தது. கடைசி நேரத்தில் 25 வரை தள்ளினார்கள், அது அதிர்ஷ்டம். அதை நம்பிக் காத்திருந்தவர்களின் ஆடிட்டர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அப்புறம் சங்கிலி. திருப்பூரில் ஒரு டி-சர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இருக்க அழுத்துவது) ஓரிடம், பிரிண்டிங் வேறிடம், தையல் நம்மிடம், காஜா பட்டன் இன்னொரு தெருவில். நாம் 23-ஆம் தேதி திறந்து என்ன பயன், நமக்கு முந்தின படி 30-ல்தான் திறக்கும் என்றால்? இதில் எல்லோரையும்விட முன்னால் நிறுத்தி, பின்னால் தொடங்குவது சாயப்பட்டறை. அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் ஓட முடியும் என்றாகிவிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கும் தொட்டி உண்டு. அவற்றைச் சுவிட்ச் அணைப்பது போல அணைக்க முடியாது. காற்றும் தீனியும் கொஞ்சமாவது போய்க்கொண்டே இருக்க வேண்டும். லீவு முடிந்து எல்லாப் பட்டறையும் ஒரே நாளில் முழு வேகத்தில் தண்ணீரை அனுப்பினால் அந்தத் தொட்டி தாங்காது. அதனால் நிறுத்துவதும் தொடங்குவதும் படிப்படியாகத்தான்.

ஆகவே சாயப்பட்டறைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி 'எப்ப லீவு' என்பது அல்ல. 'கடைசி லாட் எந்தத் தேதி எடுப்பீங்க, லீவு முடிஞ்சு முதல் லாட் எந்தத் தேதி கொடுப்பீங்க' என்பதுதான். இந்த இரண்டு தேதியும் தெரிந்தால் நம் தேதி தானாக வந்துவிடும். நமக்கு வேலை தருபவருக்கும் அதே மாதிரிதான் சொல்ல வேண்டும். 'தீபாவளி லீவு 18 டு 22' என்று வாட்ஸ்அப் அனுப்பினால் அவர் 23-ல் சரக்கு கேட்பார். 'கடைசி டெலிவரி 16, அடுத்த டெலிவரி நவம்பர் 3' என்று அனுப்பினால் திட்டுவார், ஆனால் அப்போதே திட்டி முடித்துவிடுவார். நவம்பரில் திட்டு வாங்குவதைவிட செப்டம்பரில் வாங்குவது மலிவு.

லீவு முடிந்து வரும் முதல் மூன்று நாளுக்கு என்ன தைப்பது? இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்வேன்: பாதி தைத்த ஸ்டைலை விட்டுவிட்டுப் பூட்டாதீர்கள். தோள்பட்டை கூட்டிய நிலையில், கழுத்து ரிப் வைக்காமல், கட்டுக் கட்டாக மேசைக்கடியில் கிடக்கும் பீஸ்கள் இருபது நாளில் யாருக்கும் சொந்தமில்லாதவை ஆகிவிடும். எந்தக் கட்டில் எந்த சைஸ், எந்த ரோலில் வெட்டியது என்பது அந்த டெய்லரின் தலையில்தான் இருந்தது. அவர் இன்னும் தேனியிலிருந்து திரும்பவில்லை. வேறொருவர் எடுத்துத் தைத்தால் உடம்பு ஒரு நிறம், கை இன்னொரு நிறம் என்று ஷேடு மாறும். கையில் உள்ள ஸ்டைலை முடித்து அனுப்பிவிட்டு, அடுத்த ஸ்டைலை வெட்டி, நம்பர் ஒட்டி, கட்டிவைத்துவிட்டுப் போவதுதான் சரி. 23-ஆம் தேதி வரும் பதினொரு பேரும் அன்றைக்கே உட்கார்ந்து தைக்கலாம். வந்த ஆளுக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பும் யூனிட்டுக்கு மறுநாள் ஏழு பேர்தான் வருவார்கள்.

வெட்டி வைப்பதில் ஒரு ஆபத்து உண்டு, ஐப்பசி மழை. தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். பெரும்பாலான சிறு யூனிட்டுகள் சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே இருக்கின்றன. ஒருமுறை பூட்டும் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு எட்டு ரோல் துணி வந்து இறங்கியது. எல்லோரும் கிளம்பும் அவசரம். ரோலைப் பிரித்துப் பார்க்காமல், டி.சி.யில் (சரக்கோடு வரும் டெலிவரி சலானில்) கையெழுத்துப் போட்டு, ஜன்னலோரம் தரையில் அடுக்கிவிட்டுப் போனோம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை. துணி சரியாகக் காயாமலே வந்திருக்கிறது, மேலே ஜன்னல் சாரல் வேறு. நாலு ரோலில் சாம்பல் நிறத்தில் பூஞ்சைப் புள்ளி. கொடுத்தவர் 'நல்லபடியா வாங்கினேன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க' என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த நஷ்டம் டெபிட்டாக என் கணக்கில் ஏறியது. அதன்பிறகு கடைசி இரண்டு நாள் துணி வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இருக்கும் துணி மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, மேலே பிளாஸ்டிக் தார்ப்பாய்.

மழையைவிடப் பயப்படவேண்டியது ராக்கெட் வெடி. கட்டிங் வேஸ்ட் என்பது பஞ்சு மாதிரி, ஒரு பொறி போதும். மூட்டை மூட்டையாக மாடிப்படிக்கடியில் சேர்த்து வைத்திருப்போம், விலை ஏறட்டும் என்று. தீபாவளிக்கு முன் வந்த விலைக்கு அதைத் தள்ளிவிடுவதே உத்தமம். மொட்டை மாடியில் கிடக்கும் அட்டைப்பெட்டி, உடைந்த ஜன்னல் கண்ணாடி, வென்டிலேட்டர் ஓட்டை, இவற்றை ஒருமுறை சுற்றிப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். தீ விபத்து இன்சூரன்ஸ் இருந்தாலும் பூட்டை உடைத்துப் போகும் திருட்டுக்கு அது பொதுவாக உதவாது. அதற்குத் தனிப் பாலிசி எடுத்திருக்க வேண்டும். பாலிசித் தாளை லீவுக்கு முன் ஒருமுறை எடுத்துப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மெஷின் வேலைகளை ஆயுத பூஜையிலேயே முடித்துவிடலாம். எப்படியும் அன்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்கத்தானே போகிறோம். பெல்ட், எண்ணெய், வயரிங்கை எலி கடித்திருக்கிறதா என்பதையெல்லாம் அப்போதே பார்த்துவிட்டால், தீபாவளிக்குக் கம்ப்ரசரில் தேங்கிய தண்ணீரை வடிப்பது, மெயினை அணைப்பது, கேமராவுக்கு மட்டும் தனி லைன் விடுவது என்று சில வேலைதான் மிஞ்சும். திரும்ப வந்ததும் முதல் பத்து நிமிடம் வேஸ்ட் துணியில் ஓட்டச் சொல்லுங்கள். இருபது நாள் நின்ற மெஷின் முதல் பீஸில் எண்ணெய்க் கறை வைக்காமல் விடாது.

கடைசியாகக் கிளம்பிய லாரியையும் மறந்துவிடக் கூடாது. இ-வே பில்லுக்கு (சரக்கு வண்டியோடு போகவேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு) 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. மும்பைக்கு ஏழு நாள் வரும். டிரைவர் நடுவழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போய்விட்டால் பில் காலாவதியாகும். முடியும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னோ பின்னோதான் நீட்டிக்க முடியும். அதற்கு வரும் ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது? பல யூனிட்டில் அது இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டுப் போன கணக்குப் பையனின் நம்பர். இதைப் பூட்டிய பிறகு கண்டுபிடிப்பது நல்ல அனுபவம் அல்ல.

ஊருக்குப் போகாதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டிக்கெட் கிடைக்காத நாலு பேர், போய்வரக் காசு கட்டுப்படியாகாத இரண்டு பேர் என்று ஒவ்வொரு யூனிட்டின் ரூமிலும் சிலர் தங்கிவிடுவார்கள். மெஸ் நடத்துபவர் பூட்டிவிட்டுப் போயிருப்பார், தெருமுனை ஹோட்டலும் திறக்காது. ஒரு வருடம் தீபாவளிக்கு மறுநாள் பைக்கில் யூனிட்டைப் பார்க்கப் போனேன். ரூம் வாசலில் மூன்று பையன்கள் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தண்ணீரில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். சிலிண்டர் முந்தின நாளே தீர்ந்துவிட்டதாம். எனக்குப் போன் பண்ணத் தோன்றவில்லையா என்று கேட்டதற்கு, "லீவுதானே பையா" என்றான் ஒருவன். அடுத்த வருடத்திலிருந்து பூட்டுமுன் வாங்கும் சாமான் பட்டியலில் ஒரு சிலிண்டர், இருபத்தைந்து கிலோ ஆட்டா, உருளைக்கிழங்கு, வெங்காயம் சேர்ந்துகொண்டன. அந்த மூவரும் நான் யூனிட்டை மூடும்வரை என்னிடம்தான் இருந்தார்கள்.

திறக்கும் நாளில் முழு ஷிஃப்ட்டை எதிர்பார்த்து ஆர்டர் ஒப்புக்கொள்வதை நான் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். முதல் வாரம் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் வாரம் மூன்றில் இரண்டு பங்கு என்றுதான் தேதி கொடுப்பேன். பெரும்பாலும் அதற்கு மேலேயே வரும். வந்தால் சீக்கிரம் கொடுத்த பெயர் நமக்கு. வேலை தருபவர்களுக்கும் இது பழகிவிட்டிருந்தது, தீபாவளி முடிந்து என்னிடம் தேதி கேட்டுவிட்டுத்தான் கப்பல் பேசுவார்கள்.

நவம்பர் இரண்டாம் வாரம், தேனிக்காரர் வந்து சேர்வார். தோளில் பை, கையில் அதிரசப் பொட்டலம், முகத்தில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி. மெஷினைத் துடைத்து, நூல் கோத்து, வேஸ்ட் துணியில் நாலு தையல் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கேட்பார்: "ஏண்ணா, பொங்கலுக்கு எத்தன நாள் லீவு?" கேலிக்குக் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஜனவரி 14-லிருந்து அறுபது நாள் பின்னால் எண்ணினால் நவம்பர் 15. நோட்டை எடுத்து அடுத்த பக்கத்தைத் திருப்பி, அவர் பெயரை முதலில் எழுதினேன்.